பி.பி. மாத்திரையால் கால் வீங்குகிறதா?

ஆம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சாயங்காலம் செருப்பு வார் காலில் அழுந்தித் தடம் விழும். உப்பைக் குறைத்தால் மட்டும் இந்த வீக்கம் வடியாது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாத்திரையை மாற்றுவார். உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய பி.பி. மாத்திரைகள் வறட்டு இருமலைக் கிளப்பலாம். இதற்கு இருமல் மருந்து வாங்கிக் குடித்துப் பயனில்லை. உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பி.பி. மாத்திரையால் தலை சுற்றுகிறவர்கள் இரவில் பாத்ரூம் போகக் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் காலையிலேயே போடுவது நல்லது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் பி.பி.யை ஏற்றக்கூடியது.

எந்தத் தொந்தரவானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால் என்ற பி.பி. மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சுவலியே வரலாம்.