பீட்சா அடுப்புக்கு எந்தச் செங்கல்?

தோட்டத்தில் செங்கல் பீட்சா அடுப்பு கட்டப்போகிறோம். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் போதுமா? வாசல் எவ்வளவு உயரம் வைக்கலாம்?

மிஞ்சிய செங்கல் அடுப்பைத் தாங்கும் மேடைக்குப் போதும். நெருப்பு படும் தளத்துக்கும் குவிமாடத்துக்கும் தீச்செங்கல்தான் வாங்க வேண்டும். நேப்பிள்ஸ் பீட்சா 60 முதல் 90 நொடியில் வெந்துவிடும்; அதற்குத் தளம் 430 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அந்தச் சூட்டில் வெறும் சிமென்ட் கலவை உதிர்ந்துவிடும். தீக்களிமண் சாந்து தாங்கும்.

வாசல்தான் அடுப்பின் உயிர்நாடி. குவிமாடத்தின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதம் என்பது கட்டுவோர் கணக்கு: 40 செ.மீ. குவிமாடத்துக்கு 25 செ.மீ. வாசல். உயர்ந்தால் சூடு ஓடிவிடும். தாழ்ந்தால் தீ மூச்சுத்திணறிப் புகையும்.

தளத்தின் அடியில் வெர்மிகுலைட் கலவையை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சூடெல்லாம் மேடைக்குள் இறங்கும். கட்டியபின் ஒரு வாரம் தினமும் சிறு தீ மட்டும் மூட்டுங்கள். ஈரம் காயுமுன் பெருந்தீ வைத்தால் குவிமாடம் விரிசல் விடும்.