பெர்ன் 1954: கூட்ஸ் தனித்து ஓடிய 5000 மீட்டர்



1954ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தடகளச் சாம்பியன்ஷிப் ஆகஸ்ட் 25 முதல் 29 வரை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், நொய்ஃபெல்ட் மைதானத்தில் நடந்தது. கடைசி நாளில் ஓடப்பட்ட ஆண்கள் 5000 மீட்டர் இறுதிப்போட்டியில், வெல்வார் என்று பேசப்பட்டவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். பெர்னிலும் 10,000 மீட்டரை ஏற்கெனவே வென்றிருந்தார். அந்த ஆண்டு மே மாதம் பாரிஸில் 13 நிமிடம் 57.2 வினாடியில் ஓடி, சுவீடனின் குண்டர் ஹேக் 1942 முதல் வைத்திருந்த 5000 மீட்டர் உலகச் சாதனையையும் தகர்த்திருந்தார். அவருக்குச் சரியான போட்டி இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே. ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது வேகம் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர். கடைசிச் சுற்றில் சீறிப் பாய்பவர்.

சோவியத் அணியின் விளாதிமிர் கூட்ஸை இந்த இருவருக்கு இணையாக யாரும் எண்ணவில்லை. உக்ரைன் கிராமத்தில் பிறந்து, பால்டிக் கடற்படையில் மாலுமியாக இருந்தவர் அவர். அப்போது வயது 27. தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்து இடைவெளியை வளர்த்தார். ‘எப்படியும் களைத்துவிடுவார்’ என்று விட்டுவிட்டதுதான் மற்றவர்கள் செய்த பெரிய பிழை. ஸாட்டபெக் சாட்டவேயைக் கவனித்தார். சாட்டவே ஸாட்டபெக்கைக் கவனித்தார். துரத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ள இருவருமே தயங்கினார்கள். முன்னே ஓடுபவர்தான் காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும், வேகத்தையும் அவரே தீர்மானிக்க வேண்டும். பின்னால் ஒட்டி ஓடுபவருக்கு அந்தச் சுமை குறைவு. அதனால் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் முதலாமவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரைதான் அந்த நியாயம் செல்லும்.

கணக்குப் போட்டால் இது விளங்கும். 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. கூட்ஸ் சுற்றுக்குச் சராசரியாக 67 வினாடி எடுத்தார். அந்த வேகத்தில் ஒரு வினாடி என்பது ஏறக்குறைய 6 மீட்டர். 60 மீட்டர் பின்தங்கியவர் கடைசிச் சுற்றில் அவரைப் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சுற்றை 57 வினாடியில் ஓடியாக வேண்டும். அதுவும் 4600 மீட்டர் ஓடிக் களைத்த கால்களோடு.

கூட்ஸ் களைக்கவில்லை. 13 நிமிடம் 56.6 வினாடியில் ஓடி முடித்தார். தங்கமும் அவருக்கே, உலகச் சாதனையும் அவருக்கே. 12.2 வினாடி கழித்து, 14 நிமிடம் 8.8 வினாடியில் சாட்டவே வந்தார். 14 நிமிடம் 10.2 வினாடியில் ஸாட்டபெக் மூன்றாவது. இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் பார்த்து ஓடியதில் மிஞ்சியது வெள்ளிக்கான சண்டை மட்டுமே.

சாட்டவே பிழையை உடனே திருத்திக்கொண்டார் என்பதுதான் இதில் மிகவும் ரசிக்கத்தக்கது. அக்டோபர் 13 அன்று லண்டன் வைட் சிட்டி மைதானத்தில் அவரும் கூட்ஸும் மீண்டும் மோதினார்கள். கூட்ஸ் திடீர் திடீரென வேகத்தைக் கூட்டி உதறிப் பார்த்தார். சாட்டவே ஒவ்வொரு முறையும் தொடர்ந்து சென்று ஒட்டிக்கொண்டார். கோட்டருகில் முந்தி, 13 நிமிடம் 51.6 வினாடியில் புதிய உலகச் சாதனையோடு வென்றார். வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. பத்தே நாளில் பிராகில் 13 நிமிடம் 51.2 வினாடியில் ஓடி, கூட்ஸ் சாதனையைத் திரும்பப் பெற்றார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றதும் அவரே.