எஞ்சின் சங்கிலியும் பராமரிப்புப் பொருளாதாரமும்

ஐதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், நாச்சாரம், செர்லப்பள்ளி, உப்பல் ஆகிய தொழிற்பகுதிகளை அடுத்து மல்லாபூர் அமைந்துள்ளது. 1967-இல் தோன்றிய இந்திய மின்னணுக் கழகமும், 1971-இல் தோன்றிய அணு எரிபொருள் வளாகமும் இவ்வட்டாரத்தின் பெரிய நிறுவனங்கள். பெரிய ஆலைகள் உள்ள இடத்தில் சிறுதொழில்கள் பெருகுவதும், அவற்றிற்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் பெருகுவதும், அவ்வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகள் பெருகுவதும் இயல்பு. ஆலைகளின் உற்பத்தி புள்ளிவிவரங்களில் இடம் பெறுகிறது. பட்டறைகளின் பணியோ எளிதில் கணக்கில் தென்படுவதில்லை. ஆயினும் நாட்டின் மூலதனப் பொருள்கள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பட்டறைகளின் பங்கு சிறிதன்று.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினுடைய வாடகைக் கார் ஒன்று மல்லாபூரிலுள்ள ஒரு பட்டறைக்கு வருவதாகக் கொள்வோம். காலையில் எஞ்சினை முடுக்கியவுடன் முன்பக்கத்தில் சில விநாடிகள் ‘கடகட’வென ஓசை கேட்கிறது, பின்னர் அடங்கிவிடுகிறது. வண்டி ஓடுகிறது, வருமானமும் வருகிறது. இந்நிலையில் வண்டியை இரண்டு நாள் நிறுத்திப் பழுது பார்ப்பதா, வேண்டாவா என்பதே உரிமையாளர் முன் உள்ள வினா.

சங்கிலியின் பணி

எஞ்சினின் அடிப்பாகத்தில் சுழலும் கிராங்க் தண்டு பிஸ்டன்களை மேலும் கீழும் இயக்குகிறது. கேம் தண்டு, காற்றும் எரிபொருளும் புகுவதற்கும் புகை வெளியேறுவதற்கும் உரிய வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரே ஒரு முறை சுற்றுதல் வேண்டும். இந்த 2:1 என்ற விகிதத்தையும், இரண்டு தண்டுகளும் ஒன்றற்கொன்று பொருந்தி நிற்கும் நிலையையும் காப்பதே தொழிலாளர் ‘டைமிங் செயின்’ என வழங்கும் சங்கிலியின் பணியாகும். கிராங்க் தண்டின் பற்சக்கரத்தில் 18 பற்கள் இருப்பின், கேம் தண்டின் பற்சக்கரத்தில் 36 பற்கள் இருக்கும்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களில் கேம் தண்டு எஞ்சின் தொகுதியின் உள்ளேயே தாழ்வாக அமைந்திருந்தது. ஆதலின் சங்கிலி குறுகியது; வேலையும் எளிது. 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் சங்கிலிக்குப் பதிலாக ரப்பர் பட்டை இடம் பெற்றது. பின்னர் வந்த பல எஞ்சின்களில் சங்கிலி மீண்டும் வந்தது. ஆனால் கேம் தண்டு மேலே ஏறிவிட்டமையால் அது நீண்ட சங்கிலியாயிற்று. 2007-இல் ஸ்விஃப்ட் காரில் அறிமுகமான 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் இதற்குத் தக்க சான்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. எனினும், முன்னர் விற்கப்பட்ட வண்டிகளுக்குப் பழுது பார்க்கும் தேவை உற்பத்தியோடு முடிந்துவிடுவதில்லை. வயது ஏற ஏற அது மிகுகிறது.

தேய்வின் கணக்கு

சங்கிலி நீள்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு ரப்பரைப்போல் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும், அவை புகும் துளைகளும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஏற்படும் மிகச் சிறிய இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து நீளமாகின்றன.

8 மில்லிமீட்டர் இடைவெளியுடைய 120 கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 960 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 சுற்று வேகத்தில் ஓடினால், மேற்கூறிய 18 பற்களுள்ள சக்கரத்தின் வழியாக ஒவ்வொரு மூட்டும் ஒரு மணி நேரத்தில் 21,600 முறை கடந்து செல்லும். ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்தல் வேண்டும். பல ஆண்டுகளில் ஒரு மூட்டு 0.04 மில்லிமீட்டரே தேய்ந்தாலும், சங்கிலி முழுவதும் 4.8 மில்லிமீட்டர் நீண்டுவிடும்.

இதன் விளைவு யாது? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே விறைத்து நிற்கும் பக்கத்தில் 40 கண்ணிகள் இருப்பின், அப்பக்கம் 1.6 மில்லிமீட்டர் நீளும். கேம் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 288 மில்லிமீட்டர். எனவே கேம் தண்டு 2 பாகையும், கிராங்க் கணக்கில் 4 பாகையும் பின்தங்குகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், இழுவை குறையும், ஆயினும் வண்டி ஓடும். தளர்ந்த சங்கிலி ஒரு பல் தாவிவிட்டால் நிலைமை வேறு. அப்போது கேம் தண்டு 10 பாகையும், கிராங்க் கணக்கில் 20 பாகையும் பிசகுகிறது. மேலும் தாவினாலோ, அறுந்தாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் திறந்த நிலையிலுள்ள வால்வுகளை மோதி வளைத்துவிடும். படிப்படியாக வரும் தேய்வு திடீரென வரும் அழிவாக மாறுவது இக்கட்டத்தில்தான்.

தேய்வை விரைவுபடுத்துவது பெரும்பாலும் எண்ணெயே. சங்கிலிக்கு உராய்வைத் தணிப்பதும், அதனை விறைப்பாக வைத்திருக்கும் ‘டென்ஷனர்’ என்னும் உறுப்புக்கு அழுத்தம் தருவதும் எஞ்சின் எண்ணெய்தான். குறித்த காலத்தில் மாற்றப்படாத எண்ணெயில் கரி சேர்கிறது. டீசல் எஞ்சினில் இது மிகுதி. அக்கரி ஊசிகளைத் தேய்ப்பதோடு, எண்ணெய் செல்லும் நுண்துளைகளையும் அடைக்கிறது.

அளந்தறிதல்

ஓசை கேட்டவுடன் சங்கிலியை மாற்றுவதும் வீண்செலவுக்கு இடமாகும். எண்ணெய் குறைந்திருந்தாலும், தரம் தவறிய எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தாலும், டென்ஷனர் மட்டும் பழுதுற்றிருந்தாலும் இதே ஓசை எழக்கூடும். ஆதலின் முதலில் எண்ணெயின் அளவையும் அழுத்தத்தையும் சோதித்தல் வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடுடைய எஞ்சினாயின், கிராங்க், கேம் உணரிகளின் குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைச் சோதனைக் கருவி காட்டிவிடும். சில எஞ்சின்களில் டென்ஷனர் எவ்வளவு வெளிநீண்டுள்ளது என்பதை அளந்தே தேய்வை மதிப்பிடலாம். தயாரிப்பாளர் குறித்த வரம்பைக் கடந்திருந்தால் மட்டுமே மாற்றுதல் நியாயமாகும்.

மாற்றும் முறை

எஞ்சினுக்கு எஞ்சின் நுணுக்கங்கள் வேறுபடுவதால், அதற்குரிய பணிநூலை முன்வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குதல் வேண்டும். பொதுவான வரிசை பின்வருமாறு அமையும்.

முதலாவதாக, எஞ்சின் முழுவதும் ஆறிய பின் பேட்டரியின் இணைப்பை நீக்கி, எண்ணெயை வடித்துவிட வேண்டும். பின்னர் முன்பக்கத்திலுள்ள பட்டை, கப்பி, வால்வு மூடி முதலியவற்றைக் கழற்ற வேண்டும். எஞ்சினைத் தாங்கும் பிடியைக் கழற்ற நேர்ந்தால், அதற்குமுன் அடியில் முட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது.

இரண்டாவதாக, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையிலேயே கிராங்க் தண்டைக் கையால் திருப்பி, பணிநூல் கூறும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் இது முதல் சிலிண்டரின் பிஸ்டன் அமுக்க வீச்சில் உச்சியில் நிற்கும் நிலையாகும். தண்டுகள் அசையாதிருக்கப் பூட்டு ஊசிகள் தேவைப்படும் எஞ்சினில் அவற்றைப் பொருத்திய பின்னரே மேற்செல்லலாம். பூட்டு ஊசியின் பணி நிலையைக் காப்பதே. போல்ட்டை முறுக்கும் விசையைத் தாங்குவதற்கு அது உரியதன்று.

மூன்றாவதாக, முன்மூடியைக் கழற்றி, டென்ஷனரைப் பின்தள்ளிப் பூட்டிவிட்டுப் பழைய சங்கிலியை எடுக்க வேண்டும். சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரையும் வழிகாட்டித் தகடுகளையும் விட்டுவைப்பது தவறான சிக்கனம். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் சக்கரங்களையும் மாற்றுதல் வேண்டும். வழிகாட்டித் தகட்டின் பிளாஸ்டிக் துண்டுகள் உடைந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்திருந்தால், தொட்டியையும் வடிகட்டியையும் துப்புரவு செய்தாக வேண்டும். இன்றேல் எண்ணெய்ப் பாதை அடைபட்டு எஞ்சினே கெடும்.

நான்காவதாக, புதிய சங்கிலியின் நிறமிட்ட கண்ணிகளைச் சக்கரங்களின் குறிகளோடு பொருத்தி மாட்டி, டென்ஷனரை விடுவித்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சுற்றிய பின் நிறமிட்ட கண்ணிகள் குறிகளுக்கு நேராக நிற்காமை கண்டு பயில்வோர் மயங்குவதுண்டு. கண்ணிகள் பல சுற்றுகளுக்குப் பின்னரே மீண்டும் நேர்ப்படும். சோதிக்க வேண்டியது சக்கரங்களின் குறிகளையே. சுற்றும்போது எங்கேனும் தடை தோன்றினால் வலிந்து திருப்பாமல் நிறுத்திக் காரணம் காணல் வேண்டும்.

இறுதியாக, போல்ட்டுகளை ‘டார்க் ரெஞ்சு’ கொண்டு குறித்த அளவுக்கு முறுக்கி, புதிய சீல்களுடன் மூடியைப் பொருத்தி, புதிய எண்ணெயும் வடிகட்டியும் இட வேண்டும். ஒருமுறையே பயன்படுத்தத்தக்க போல்ட்டுகளுக்குப் புதியன இடுதல் வேண்டும்.

தள்ளிப்போடுதலின் விலை

இனி உரிமையாளரின் வினாவுக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு, சங்கிலி மாற்ற ரூ. 15,000 செலவு என்றும், சங்கிலி அறுந்தபின் செப்பனிட, புதிய சங்கிலி உட்பட, ரூ. 70,000 செலவு என்றும் கொள்வோம். வேலையை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் ரூ. 15,000 மிச்சம் என்று உரிமையாளர் கருதுகிறார். இக்கணக்கு பிழையானது. தேய்ந்த சங்கிலியை என்றேனும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே தள்ளிப்போடுவதால் மிஞ்சுவது அத்தொகையின் ஆறு மாத வட்டி மட்டுமே. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் அது ரூ. 900. இதற்கு எதிராக அவர் ஏற்கும் கூடுதல் இழப்போ ரூ. 55,000. இத்தகைய 61 வண்டிகளில் ஒன்றில் மட்டும் ஆறு மாதத்திற்குள் சங்கிலி அறுந்தாலும், தள்ளிப்போடுதலின் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும். நடுவழியில் நின்ற வண்டியை இழுத்து வரும் செலவும், வண்டி நிற்கும் நாள்களில் வருமானம் இன்றிக் கட்ட வேண்டிய கடன் தவணையும் இக்கணக்கில் சேரவில்லை.

ஆயினும் இதனை உரிமையாளரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. அன்றாட வருமானத்தில் வாழ்பவரிடம் ரூ. 15,000 ஒருங்கே இருப்பதில்லை. வண்டி வாங்கக் கடன் கிடைக்கும் அளவுக்கு, அதனைப் பராமரிக்கக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. புதிய மூலதனத்திற்கு ஊக்கமளித்து, இருக்கும் மூலதனத்தைக் காக்க உதவாத கொள்கை முழுமையற்றது.

கருவியும் அறிவும்

பணம் இருந்தாலும், சரியாக அளந்து சரியாக மாற்றவல்ல பட்டறை அருகில் இருத்தல் வேண்டும். அதற்கு உதிரிப்பாகம், கருவி, தகவல் ஆகிய மூன்றும் தேவை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையின் மையப் பொருள் இதுவே. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யாமை போட்டிச் சட்டத்திற்கு முரணானது என்று ஆணையம் கண்டது. இதனை எதிர்த்து மேல்முறையீடுகளும் எழுந்தன. 2022 டிசம்பரில் நுகர்வோர் நலத்துறை தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையவாயில், மோட்டார் வாகனங்களையும் தன் நான்கு துறைகளுள் ஒன்றாகக் கொண்டது.

அறிவுக்கு மொழியும் ஒரு தடையாகும். மல்லாபூர்ப் பட்டறைகளில் புழங்குவன தெலுங்கும் தக்காண உருதுவும். பணிநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்களை உருவாக்கச் சென்னையில் 1986-இல் தோன்றிய தேசியப் பயிற்றுப்பொருள் நிறுவனம், அவற்றை இந்திய மொழிகளிலும் வெளியிட்டு வருகிறது. பயிற்சி நிலையத்திற்கு வெளியே, பட்டறையிலேயே தொழில் கற்றவருக்கும் இத்தகைய நூல்கள் எட்டுதல் வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு சிறு பட்டறையும் எல்லா எஞ்சின்களுக்குமான பூட்டு ஊசிகளை வாங்க இயலாது, வாங்கத் தேவையுமில்லை. பத்துப் பட்டறைகள் கூடி ஒரு கருவித் தொகுதியை வைத்துக்கொள்ளலாம். சிறுதொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்கும் முறை நாட்டிற்குப் புதிதன்று. உற்பத்திக்குப் பயன்பட்ட அம்முறையைப் பழுதுபார்ப்புக்கும் விரிவாக்குவது குறித்து மாவட்டத் தொழில் அலுவலர்கள் ஆராயலாம்.

மல்லாபூருக்கு வந்த அந்த வாடகைக் காரின் எஞ்சின், தேய்வைச் சில விநாடி ஓசையால் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அதனைக் கேட்டு அளந்து பார்க்கும் தொழிலாளரும், அவருக்கு வேண்டிய கருவியும், உரிமையாளருக்கு வேண்டிய சிறுகடனும் ஓரிடத்தில் கூடுமாயின், இரண்டு நாள் வேலையோடு ஒரு குடும்பத்தின் பிழைப்பு காக்கப்படும். ஆலையில் உருவாகும் செல்வத்தின் ஆயுளை நீட்டிக்கும் இப்பணியும் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.