சேசுநாதருடைய வம்ச வரிசை நமக்கு எதற்கு?



தேவமாதா பிறந்த திருநாளாகிய செப்டம்பர் 8-ஆம் தேதியும், திருவருகைக் காலத்தில் டிசம்பர் 17-ஆம் தேதியும் பூசையில் அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. அபிரகாம் முதல் அர்ச். சூசையப்பர் வரை பெயர்கள், பெயர்களே. “இந்தப் பெயர்களால் ஆத்துமத்துக்கு என்ன பிரயோசனம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கேளுங்கள்.

முதலாவது, சர்வேசுரன் சொன்ன சொல் தவறாதவர். தாவீதுக்கும் அவன் சந்ததிக்கும் அரசுரிமையை உப்பு உடன்படிக்கையால் கொடுத்தார் என்று நாளாகமம் இரண்டாம் புத்தகம் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. இதன் பொருளை மரக்காணத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீனைக் கெடாமல் காப்பது நம் பாத்தியில் விளையும் உப்பு. அதுபோலக் கெடாதது தேவ வாக்கு. பபிலோன் சிறையிருப்பில் சிம்மாசனம் போயிற்று, வம்சம் போகவில்லை. மத்தேயு தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக மூன்று பிரிவாய் வகுத்ததும் காரணத்தோடுதான் என்பர் வேதபண்டிதர். எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் எழுத்துக்களைக் கூட்டினால் 14 வரும்.

இரண்டாவது, அந்த வரிசை குலப்பெருமை பேசுவதற்கானதன்று. தாமார், ராகாப், ரூத், ஊரியாசின் மனைவி ஆகிய நான்கு ஸ்திரீகள் அதிலே வருகிறார்கள். ராகாப் எரிக்கோ பட்டணத்து விலைமகள். ரூத் மோவாபு நாட்டு விதவை. தாவீது ராஜாவோ ஊரியாசைக் கொல்வித்தவன். அந்நியரையும் பாவிகளையும் தமது வம்சத்திலிருந்து நீக்காத நாதருடைய கோவிலில் நின்றுகொண்டு, “நான் இன்ன சாதி, நீ இன்ன சாதி” என்று பேச நமக்கு வாய் எழலாமா? முடிவில்லாத வம்ச வரலாறுகளில் மனதைச் செலுத்த வேண்டாமென்று அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, சூசையப்பர் சேசுநாதருக்கு இரத்தத்தால் தகப்பனல்லர். ஆயினும் சம்மனசு சொன்னபடி அவரே பிள்ளைக்குப் பெயரிட்டார்; அதனால் பிள்ளை தாவீதின் குமாரன் எனப்பட்டது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளையை “யார் பெற்றதோ” என்று ஏசுகிறவர்கள் இதைக் கேட்கட்டும்.

பபிலோனிலிருந்து திரும்பிய குருக்களில் சிலர், வம்சப் புத்தகத்தில் தங்கள் பெயரைக் காணாததால் விலக்கப்பட்டார்கள் என்று எஸ்ரா ஆகமம் சொல்லுகிறது. நமக்கும் ஒரு புத்தகம் உண்டு. அதில் சேருவதற்குப் பிறப்பு வேண்டாம், ஞானஸ்நானம் போதும். ஞானத்தாய் தகப்பன் பெயரைப் புத்தகத்தில் எழுதவேண்டுமென்று 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. உப்பளத்தில் கூலிக்கு நிற்பவனிடம் பட்டாவும் பத்திரமும் இல்லாமலிருக்கலாம். ஆனால் கோவில் புத்தகத்தில் அவனுக்கும் ஒரு வரி உண்டு. அளக்காரர் பிள்ளைக்கும் அதே ஒரு வரிதான்.

கலியாணத்துக்கும் வம்சம் அறிவது அவசியம். மாமன் மகளை மணக்க விரும்புகிறவன் எண்ணிப் பார்க்கட்டும்: அவன், அவன் தாய், மாமன், மாமன் மகள். பொதுவான பாட்டன் பாட்டியை நீக்கி நான்கு பேர். ஆகவே நான்காம் படி உறவு. அதுவரை திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. மேற்றிராணியாரின் விலக்கு வேண்டும். உறவை மறைத்து ஓலை எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஆகையால் இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் இம்மூன்றையும் செய்யக்கடவது:

1. பாட்டன், பாட்டி, முப்பாட்டன் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண்களின் பெயர்களை விடாதீர்கள்.

2. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் பெயர் பிழையிருந்தால் பங்குச் சுவாமியாரிடம் தெரிவியுங்கள்.

3. இரவு செபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லி, மரித்த ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் வேண்டிக்கொள்ளுங்கள்.

மனிதர் மறந்துபோன பெயரையும் சர்வேசுரன் மறப்பதில்லை. நமது பெயர் சீவிய புத்தகத்தில் நிலைத்திருக்கும்படி நடந்துகொள்வோமாக.