முடக்கில் திரும்பும்போது கார் போடும் சத்தம்: எது சின்னது, எது ஆபத்து?

மலைநாட்டில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடிய கார் மொரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. இன்று ஆட்டோவும் வேனும் வந்துவிட்டாலும் மைனரை வைத்திருப்பவர்கள் அதை விடுவதில்லை. கராஜ்களில் வேலை பழகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கும் அது வருகிறது.

“ஸ்டியரிங்கில் ஏதோ சத்தம்” என்று சொல்லித்தான் பலர் காரைக் கொண்டு வருவார்கள். ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. ஒன்று காதுக்கு மட்டும் தொல்லை. இன்னொன்று உயிருக்கு ஆபத்து. இரண்டையும் பிரித்து அறிவதே இந்தப் பாடம்.

முதலில் செய்ய வேண்டியது

காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சில்லுக்குக் கல் வையுங்கள். ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். மற்றவர் வெளியே நின்று காது கொடுக்கட்டும். சத்தம் கைக்குக் கிட்டே கேட்கிறதா, கீழே கேட்கிறதா, சில்லுப் பக்கம் கேட்கிறதா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. ‘கிளிக்’ என்ற சத்தம்

சிக்னல் போட்டுத் திரும்பி, ஸ்டியரிங் நேராகும்போது ‘கிளிக்’ என்று கேட்டுச் சிக்னல் தானாக அணைந்தால் அது நல்ல சத்தம். ஸ்டியரிங் தண்டோடு சுற்றும் ஒரு சிறு மேடு, சுவிச்சுக்குள் இருக்கும் நாக்கைத் தட்டி விடுகிறது.

சிக்னல் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ‘கிளிக்’ கேட்டால் சுவிச் இடம் விலகியிருக்கும், அல்லது நாக்குத் தேய்ந்திருக்கும். சுவிச்சைப் பிடிக்கும் ஸ்குரூவை முதலில் பாருங்கள். முன்சில்லு நேராக இருக்கும்போது அந்த மேடு நடுவில் நிற்க வேண்டும். நாக்கு உடைந்திருந்தால் சுவிச்சை மாற்றத்தான் வேண்டும்.

சுவிச்சில் கை வைக்கும் முன் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மைனரில் பொசிட்டிவ் பக்கம்தான் எர்த். சிலர் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்கள். பார்த்துக் கழற்றுங்கள்.

2. ‘டிக் டிக்’ தாளம் மாறினால்

இது ஸ்டியரிங் சத்தம் அல்ல, பிளாஷர் பெட்டியின் சத்தம். தாளம் மாறினாலோ நின்று போனாலோ உடனே பெட்டியை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். முன்னும் பின்னும் 21 வாற்று பல்ப் இரண்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். மழை ஊரில் விளக்குக் கூடு துருப்பிடித்து எர்த் கிடைக்காமல் போவது சாதாரணம். துருவைச் சுரண்டிப் பாருங்கள். 1961க்கு முந்திய மைனர்களில் விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் சிக்னல் இருந்தது. அதை மாற்றி விளக்குப் பூட்டிய கார்களில் வயர் இணைப்புகளையும் சோதியுங்கள்.

3. ‘கிறீச்’ என்ற சத்தம்

கைக்குக் கிட்டே கேட்டால், தண்டின் மேல் முனையில் இருக்கும் கம்பளி வளையம் காய்ந்திருக்கும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி அதற்கு எண்ணெய் ஊட்டினால் போதும். கழற்றும்போது நட்டைத் தளர்த்தி, இரண்டு மூன்று புரி மிச்சம் விட்டு வீலை இழுங்கள். முழுதாகக் கழற்றி இழுத்தால் வீல் முகத்தில் வந்து அடிக்கும்.

4. ‘டொக்’ என்ற சத்தம்: இங்கேதான் கவனம்

வீலை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டும்போது கீழே ‘டொக், டொக்’ என்று கேட்டால் காரை எடுக்காதீர்கள். தண்டும் ஸ்டியரிங் ரெக்கும் சேரும் இடத்தில் உள்ள இறுக்கு போல்ட் தளர்ந்திருக்கலாம். அங்கே கை வைத்துப் பாருங்கள். மேலே தண்டு திரும்பியும் கீழே உடனே அசையாவிட்டால் காரணம் அதுதான். அந்த போல்ட் கழன்றால் முடக்கில் ஸ்டியரிங் வெறுமனே சுற்றும்.

5. சில்லுப் பக்கத்து முனகல்

திரும்பும்போது சில்லுப் பக்கம் முனகினால், முன்சில்லைத் தாங்கும் புரி மூட்டுகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மைனரின் பெரிய பலவீனம் கீழ் மூட்டுத்தான். புரி தேய்ந்து கழன்றால் சில்லு மடங்கிக் கார் ஒரு பக்கம் விழுந்துவிடும்.

காரை ஜக்கில் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் கம்பி முனைகளைச் சந்தேகியுங்கள். சில்லு தரையில் படாமல் இருக்கும்போதே, பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் அடியுங்கள். 1000 மைலுக்கு (சுமார் 1600 கிலோமீற்றர்) ஒரு தடவை இதைச் செய்தால் நல்லது. ஸ்டியரிங் ரெக்குக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். அதற்குக் கியர் எண்ணெய்தான்.

நினைவில் வையுங்கள்

- ‘கிளிக்’, ‘டிக் டிக்’, கைக்குக் கிட்டே ‘கிறீச்’: ஆறுதலாகப் பார்க்கலாம். ஆனால் சிக்னல் வேலை செய்யாத காரை வீதிக்கு எடுக்க வேண்டாம்.
- ‘டொக்’, சில்லுப் பக்கத்து முனகல்: திருத்தும்வரை கார் நகரக் கூடாது.
- கார்க்காரர் அவசரப்பட்டால், வேலை பழகும் தம்பிமார் பயப்படாமல் சொல்லுங்கள்: “ஐயா, இது ஓடக் கூடாது.” அப்படிச் சொல்லத் தெரிந்தவனே நல்ல மெக்கானிக்.