மூன்றாவது படம்

மல்லாங்கிணறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஐந்து படங்களையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பெரியம்மாவுக்கும் காட்டினேன். ஜப்பான்காரர்களின் பேய்க்கதைகளை எடுத்து, ஆளுக்கொன்றாக ஐந்து பேரும் வரைந்து, பட்டாசுப் பெட்டி லேபிள் மாதிரி ஒரு செட்டாக அச்சடித்து, சிவகாசியில் காட்சிக்கு வைக்கப் போகிறோம் என்றாய். வாழ்நாளெல்லாம் லேபிளுக்கு டச்சப் செய்த கை இது. கேட்டபோது மனசு நிறைந்துபோனது.

அந்நியர் கதையை எடுக்கலாமா என்று உங்கள் குழுவில் ஒரு பிள்ளை தயங்கியதாகச் சொன்னாய். தாராளமாக எடுக்கலாம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வருவதற்கு முன்னால், ஜப்பான் தீப்பெட்டி நம் நாட்டுக் கடைகளில் விற்றது. நம்மிடம் விற்பதற்காக நம் சாமிகளையே லேபிளில் அச்சடித்து அனுப்பினார்கள். அன்றைக்கு அவர்கள் எடுத்தார்கள், இன்றைக்கு நீங்கள் எடுக்கிறீர்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

என்னைத் தூங்கவிடாதது மூன்றாவது படம். அந்தப் பெண்ணின் பாதி முகம் வெந்து, கண் இறங்கி, முடி உதிர்ந்து கிடக்கிறது. வரைந்த கை நல்ல கை, மறுக்கவில்லை. ஆனால் அதை வைக்கப் போகிற ஊர் எது என்று யோசித்தீர்களா?

அவள் பெயர் ஓய்வா என்று எழுதியிருந்தாய். 1825-ல் எடோ நகரத்து மேடைக்காக நான்போகு என்பவர் எழுதிய நாடகத்தில் வருகிறவள். அவள் புருஷனைத் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிவைக்க நினைத்த பக்கத்து வீட்டார், மருந்து என்று சொல்லி விஷத்தை அனுப்பினார்கள். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவள் நம்பிக் குடித்தாள். முகம் அப்படி ஆனது அதனால்தான். அது அவளுக்கு மற்றவர்கள் செய்த கொடுமை, பாப்பா. நீங்கள் அதையே அவளுடைய அடையாளமாக வைத்துவிட்டீர்கள். அந்த நாடகத்தைப் போடுகிறவர்கள் இன்றைக்கும் யோத்சுயா என்ற இடத்தில் அவள் பெயரில் இருக்கும் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம். நம் பக்கத்தில் உத்தரவு கேட்பது என்கிறோமே, அதுதான். உங்கள் குழு யாரிடம் உத்தரவு கேட்டது?

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எண்ணி முடியாது. போனவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும். பிழைத்து வந்தவர்களைப் பற்றி வராது. நம் தெருவில் பட்டாசு ஆலையில் வெந்த ஒருத்தி இருக்கிறாள், உனக்கும் தெரியும். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். உங்கள் காட்சி நடக்கும் மண்டபத்துக்கு அவள் தன் பேரனோடு வந்தால், பேய் என்று எழுதிய அட்டையின் கீழே அவள் எதைப் பார்ப்பாள்?

ஜப்பான் ஓவியர் ஹொகுசாய் செய்ததை நிதானமாகப் பார். 1830-களின் தொடக்கத்தில் அவர் ‘நூறு கதைகள்’ என்று பேய்ப் பட வரிசை ஒன்று தொடங்கினார். நமக்குக் கிடைப்பவை ஐந்தே படங்கள். நீங்களும் ஐந்து பேர். அதில் ஓய்வா வருகிறாள். தொங்கும் காகித விளக்கையே அவள் முகமாக்கிவிட்டார். காகிதம் கிழிந்த இடம் வாய். காயத்தை அப்படியே வரையாமல், காகிதத்துக்கு வலிக்கிற மாதிரி வரைந்திருக்கிறார். எனக்கு அதைப் பார்த்தால் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருக்கிறது. உங்களிடமும் காகிதம் இருக்கிறதே! வெடிக்குச் சுருட்டும் குழாய், சரத்தின் திரி, தீப்பெட்டியின் உள்தட்டு. இவற்றிலிருந்து ஒரு முகம் பிறந்தால் அது இந்த மண்ணிலிருந்து வந்த ஓய்வா.

இரண்டாவது படத்தில் கிணற்றிலிருந்து எழும் ஓகிகு நன்றாக வந்திருக்கிறாள். பத்துத் தட்டில் ஒன்றைக் காணோம் என்று பழி சுமத்தப்பட்டு, கிணற்றில் போடப்பட்ட வேலைக்காரப் பெண். இரவானால் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணி அலறுவாள் என்பது கதை. கிணறு என்றதும் எனக்கு வேறொருத்தி நினைவு வருகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணன் பெண்டாட்டி விரட்டிவிட, ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். ஓகிகு தட்டை எண்ணுகிறாள், இவள் பிள்ளைகளை எண்ணினாள். பெரிய எழுத்துப் புத்தகத்தில் அந்தக் கதையை உன் அப்பத்தா ராகம் போட்டுப் படிக்கும்போது, ஐந்தாவது பிள்ளைக்கு மேல் குரல் எழும்பாது. நம் ஜனங்கள் அவளைப் பேய் என்று ஒதுக்கவில்லை. தெய்வமாக்கிப் பொங்கல் வைத்தார்கள். ஐந்து பேரும் ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். கிருஷ்ணன்கோவிலில் இறங்கினால் வத்திராயிருப்புக்குப் பஸ் கிடைக்கும். வரைவதற்கு எதுவும் கொண்டுபோக வேண்டாம், சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது படம் வரைந்த பிள்ளையை எல்லோருமாகச் சேர்ந்து குறை சொல்லிவிடாதீர்கள். ஐந்து பேரும் பார்த்துச் சரி என்ற படம்தானே அது. அந்தக் காலத்து ஜப்பான் படத்தில் வரைபவர் ஒருவர், மரக்கட்டை செதுக்குபவர் ஒருவர், மை தடவி அச்செடுப்பவர் ஒருவர், பணம் போட்டு விற்பவர் ஒருவர். கலருக்கு ஒரு கட்டை என்பதால், செதுக்குபவர் கை ஒரு மயிரிழை விலகினாலும் படம் போச்சு. ஆனாலும் அவர் பெயர் பெரும்பாலும் படத்தில் இருக்காது. எங்கள் லேபிள்களிலும் எங்கள் பெயர் இருந்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்: ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஐந்து பெயரையும் போடுங்கள், பிரஸ்ஸில் ஓட்டுகிற தம்பியின் பெயரையும் சேர்த்து.

புதுப் படம் தயாரானதும் நீலத்தை மட்டும் முதலில் ஓட்டி ஒரு புரூஃப் அனுப்பு. ஹொகுசாய் காலத்தில் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்த நீலம் அவருடைய ‘நூறு கதைகள்’ வரிசைக்கே ஒரு இரவைக் கொடுத்திருக்கிறது. சயான் தனியாக ஓடினால் அந்த ஆழம் வராது, கொஞ்சம் கறுப்பு கலக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்று தாளைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போனில் பார்த்தால் தெரியாது. தபாலில் போடு.

அன்புடன்,
உன் பெரியப்பா