சொன்னபடி கேளாத தசை

வெளிச்சம் குறைந்த அறையில் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து உங்கள் கண்ணின் பாவையை உற்றுப் பாருங்கள். 'சுருங்கு' என்று கட்டளையிடுங்கள். கேட்கிறதா? கேட்காது. சன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். யாரும் சொல்லாமலே சுருங்கிவிடும்! கையை மடக்கும் தசைக்கு நீங்கள் எசமானர். பாவையைச் சுருக்கும் தசைக்கு அல்ல.

இவ்விரண்டும் அமைப்பிலேயே வேறானவை. கைத்தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்குக் கோடுகள் தெரியும். ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் அணிவகுத்து நிற்பதே காரணம். பாவைத் தசையிலும் அதே புரதங்கள்தாம். ஆனால் செல்லுக்குள் சாய்வாக, வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. கோடுகள் தெரிவதில்லை. எனவே இது 'வரியற்ற தசை'. இதன் செல் இரு முனையும் கூர்ந்தது. ஒரே உட்கரு கொண்டது. நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, இரத்தக் குழாய் இவற்றின் சுவர்களிலும் இத்தசை உண்டு.

ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பிடித்து நின்றால் சில நிமிடங்களில் கை கடுக்கிறது. வரியற்ற தசையோ மணிக்கணக்கில் இறுகி நின்றும் சோர்வதில்லை. கால்சியம் அயனிகளின் தூண்டுதலால் மயோசின் ஆக்டினைப் பற்றுகிறது. பற்றிய பிடியை எளிதில் விடுவதில்லை. தாழிட்ட கதவைக் கையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாமல்லவா? அதுபோல மிகச் சிறிது ஆற்றலே செலவாகிறது.

இயற்பியல்காரனுக்கு இங்கே என்ன வேலை என்கிறீர்களா? இரத்தக் குழாயில் நிச்சயம் வேலை உண்டு! நுண்தமனிகளைச் சுற்றி இத்தசை மோதிரம்போல் வளைந்திருக்கிறது. அது சுருங்கினால் குழாயின் ஆரம் குறையும். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் பாய்ஸொய், நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். அழுத்தமும் நீளமும் மாறாதிருந்தால், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருந்தது. ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பாய்வைப் பாதியாக்க ஆரம் எவ்வளவு குறையவேண்டும்? 0.84இன் நான்காம் படியைக் கணக்கிடுங்கள்: ஏறக்குறைய 0.5. அதாவது, 16 விழுக்காடு குறைந்தாலே போதும்! இரத்தம் நீரைப்போல் எளிய திரவமன்று. கணக்குச் சற்றே மாறும். ஆனாலும் சிறு சுருக்கம் பெரும் மாற்றத்தைத் தரும் என்பதில் ஐயமில்லை.

வெயிலில் நடக்கும் காலை வணக்கக் கூட்டத்தில் யாரேனும் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலின் இரத்தக் குழாய்த் தசைகள் தளர்கின்றன, குழாய்கள் விரிகின்றன. அசையாமல் நிற்பதால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. மற்ற இடங்களில் குழாய்கள் போதிய அளவு இறுகி இதை ஈடுகட்டாவிட்டால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. விழுந்தவரை நாலுபேர் சேர்ந்து தூக்கி நிறுத்துகிறார்களே, அது பெருந்தவறு! நிற்கும்போது இதயம் இரத்தத்தை மூளையின் உயரத்துக்கு ஏற்றவேண்டும். படுத்தால் அந்த உயரமே இல்லை. ஆகவே நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தெளியாவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.